தேர்ச்சி விழுக்காடு யாரை அளக்கிறது? தில்லித் தமிழ்ப் பள்ளிகளை முன்வைத்து

ஆண்டுதோறும் மே மாதம் சி.பி.எஸ்.இ. தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தில்லித் தமிழர்களிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று வாழ்த்துக் குரல்: இன்ன பள்ளி நூற்றுக்கு நூறு, இன்ன பாடத்தில் இத்தனை பேர் முதன்மை மதிப்பெண். மற்றொன்று ஒப்பாரிக் குரல்: நம் தமிழ்ப் பள்ளிகள் தரம் கெட்டுவிட்டன, முன்பிருந்த பெருமை போய்விட்டது, வசதியுள்ளோர் யாரும் பிள்ளைகளை அங்கு அனுப்புவதில்லை. இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும் இரண்டின் அடிப்படையும் ஒன்றே. பள்ளியின் தரம் என்பது அதன் இறுதி வகுப்பில் தேர்வெழுதியோரில் எத்தனை பேர் தேறினர் என்னும் ஒற்றை எண்ணில் அடங்கிவிடும் என்பதே அந்த அடிப்படை. அது பிழையானது. பிழையானது மட்டுமன்று, சிறிய பள்ளிகளுக்கும் எளிய மக்களின் பிள்ளைகளுக்கும் தீங்கிழைப்பது.

முதலில் இப்பள்ளிகள் எவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் வேர்கொண்ட அமைப்பு. நெடுங்காலம் 'மதராஸி' என்னும் பெயரையே அதன் பள்ளிகள் தாங்கியிருந்தன. தென்னாட்டார் அனைவரையும் வடவர் ஒரே சொல்லால் சுட்டிய காலத்தின் எச்சம் அது. இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, ஜனக்புரி, இராமகிருஷ்ணபுரம் ஆகிய ஏழு இடங்களில் அதன் பள்ளிகள் நடைபெறுகின்றன. இவை அரசுப் பள்ளிகள் அல்ல. கட்டணத்தை நம்பி நடக்கும் தனியார் பள்ளிகளும் அல்ல. அரசு உதவி பெறும் பள்ளிகள். 1973-ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் கீழ், செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க, நிர்வாகத்தை ஒரு கழகம் மேற்கொள்ளும் ஏற்பாடு இது. அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்று வழங்கப்படுவதன் உறவினர் என்றே இதைச் சொல்லலாம். பொதுப் பணத்தில் இயங்கிக்கொண்டு தனி நிர்வாகம் உடைய பள்ளிகளை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவருகிறது. அந்த விவாதத்திலிருந்து தில்லி கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன.

மின்னசோட்டா மாநிலம் 1991-இல் முதல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. அதன்பின் ஆதரவாளர்கள் இப்பள்ளிகளை விடிவெள்ளி என்றனர். எதிர்ப்பாளர்கள் பொதுக் கல்வியின் சவப்பெட்டி என்றனர். இரு தரப்பினரும் தத்தமக்கு உகந்த பள்ளிகளின் மதிப்பெண்களை எடுத்துக்காட்டினர். 2009-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் வேறொரு வழியை மேற்கொண்டது. பள்ளியைப் பள்ளியோடு ஒப்பிடாமல், சார்ட்டர் பள்ளி மாணவர் ஒவ்வொருவரையும் தொடக்க மதிப்பெண், வறுமைநிலை, மொழிப் பின்னணி முதலியவற்றில் அவரை ஒத்த பொதுப் பள்ளி மாணவரோடு ஒப்பிட்டது. கணிதத்தில் 17 விழுக்காட்டுப் பள்ளிகள் பொதுப் பள்ளிகளைவிட மேம்பட்டிருந்தன. 37 விழுக்காடு தாழ்ந்திருந்தன. 46 விழுக்காட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிந்தைய ஆண்டுகளின் ஆய்வுகள் சார்ட்டர் பள்ளிகளுக்குச் சாதகமாகத் திரும்பின என்பதும் உண்மை. இங்கு இன்றியமையாதது எந்தப் பக்கம் வென்றது என்பதன்று. மாணவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதை அறியாமல் அவர் எங்கு சென்று சேர்ந்தார் என்பதைக் கொண்டு பள்ளியை எடைபோட முடியாது என்னும் ஒழுங்கே இன்றியமையாதது.

தில்லித் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிய உரையாடலில் இந்த ஒழுங்கு அறவே இல்லை. மூன்று காரணங்களால் அது தேவைப்படுகிறது.

முதற்காரணம் எண்ணிக்கை. நாற்பது பேர் தேர்வெழுதும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவரும் தேறுவதற்கான வாய்ப்பு 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மாறவில்லை, பாடம் மாறவில்லை, மாணவரின் திறனும் மாறவில்லை. அப்படியிருந்தும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்பது பேரும் தேறிவிடுவர். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தவறிவிடுவர். முதல் வகையான ஆண்டில் 'நூறு விழுக்காடு' என்று பதாகை கட்டப்படும். இரண்டாம் வகையான ஆண்டில் 'பத்துப் புள்ளி சரிவு' என்று நிர்வாகத்தின்மீது கண்டனம் பாயும். இரண்டுக்கும் காரணம் தற்செயல் ஒன்றே. அதே 95 விழுக்காட்டு வாய்ப்போடு நானூறு பேர் தேர்வெழுதும் பள்ளியில் இவ்விரண்டுமே ஏறக்குறைய நடவாதவை. காய்ச்சலில் படுத்த ஒரு பிள்ளை, தந்தையை இழந்த ஒரு பிள்ளை, தேர்வு நாளில் மெட்ரோவைத் தவறவிட்ட ஒரு பிள்ளை என ஒவ்வொருவரும் சிறிய பள்ளியின் கணக்கில் இரண்டரைப் புள்ளி. பெரிய பள்ளியின் கணக்கில் அவர்கள் கால் புள்ளி.

தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்னும் இரு பொருளியலாளர்கள் 2002-இல் வடக்குக் கரோலினா மாநிலப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து இதையே நிறுவினர். முதலிடங்களில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இடம்பெற்றிருந்தன; கடைசி இடங்களிலும் அவையே அளவுக்கு மீறி இடம்பெற்றிருந்தன. இதை உணராதவர்கள் முதலிடப் பட்டியலை மட்டும் பார்த்து, சிறிய பள்ளியே சிறந்த பள்ளி என்று முடிவுகட்டினர். கேட்ஸ் அறக்கட்டளை பெரும்பொருளைச் செலவிட்டுப் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறியனவாகப் பிரித்தது. எதிர்பார்த்த பலன் கிட்டாமையால் பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டது. தில்லியில் நிகழ்வது இதன் மறுபக்கம். கடைசி இடப் பட்டியலை மட்டும் பார்த்துச் சிறிய பள்ளியை இகழ்வது. இரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

இரண்டாம் காரணம் வகுத்தி. விழுக்காடு என்பது ஒரு வகுத்தல். மேலே உள்ள எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். கீழே உள்ள எண்ணைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆறாம் வகுப்பில் நூறு பேர் சேரும் இரண்டு பள்ளிகளைக் கற்பனை செய்க. முதற்பள்ளி, பின்தங்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் தடுத்தும், மாற்றுச் சான்றிதழ் கொடுத்தும், 'உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளி பொருந்தும்' என்று பெற்றோரிடம் இனிமையாகச் சொல்லியும் அறுபது பேரைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுவருகிறது. அவர்களில் 57 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 95 விழுக்காடு. இரண்டாம் பள்ளி தொண்ணூறு பேரைக் கொண்டுவருகிறது. 77 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 86 விழுக்காட்டுக்கும் குறைவு. செய்தித்தாளில் முதற்பள்ளி சிறந்தது. சேர்ந்த நூறு குடும்பங்களின் கண்கொண்டு பார்த்தால் முதற்பள்ளி 57 பிள்ளைகளையும் இரண்டாம் பள்ளி 77 பிள்ளைகளையும் கரைசேர்த்தது. இருபது பிள்ளைகளின் வாழ்வு ஒரு வகுத்தலுக்குள் மறைந்துபோகிறது.

இது வெறுங்கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. தில்லி அரசு 2016-இல் 'சுனௌத்தி' என்னும் திட்டத்தை அறிவித்தபோது, அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தவறுவதையே அதற்குக் காரணமாகக் காட்டியது. பிள்ளைகள் 'பிரதிபா', 'நிஷ்டா', 'விஸ்வாஸ்' என்று பிரிக்கப்பட்டனர். ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் மீண்டும் தவறியோர் 'விஸ்வாஸ்' பிரிவில் வைக்கப்பட்டு அஞ்சல்வழிப் பள்ளியின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதும் பாதைக்கு அனுப்பப்பட்டனர். நம்பிக்கை என்று பொருள்படும் சொல், நம்பிக்கையிழந்த பிரிவுக்குப் பெயராயிற்று. அத்திட்டத்தால் எழுத்தறிவு பெற்ற பிள்ளைகளும் இருக்கின்றனர். அதை மறுப்பது அறமாகாது. ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ 98 விழுக்காடு என்று 2020-இல் கொண்டாடப்பட்ட வெற்றியைப் பேசுவோர், அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது உடனிருந்து பின்னர் காணாமற்போனோரைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

அளவுகோல் மாறினால் என்ன நேரும் என்பதற்கும் தில்லியே சான்று. 2017-இல் அரசுப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஏறத்தாழ 92 விழுக்காடு. 2018-இல் ஏறத்தாழ 69 விழுக்காடு. ஓராண்டில் தில்லியின் ஆசிரியர்கள் சோம்பேறிகளாகிவிட்டனரா? பிள்ளைகள் அறிவிழந்துவிட்டனரா? இல்லை. பள்ளிக்குள்ளேயே மதிப்பிடும் முறை நீங்கி, எல்லோருக்கும் வாரியத் தேர்வு கட்டாயமாயிற்று. அவ்வளவே. இருபத்துமூன்று புள்ளி வேறுபாடு முழுவதும் அளவுகோலிலிருந்து வந்திருக்குமாயின், இரண்டு மூன்று புள்ளி வேறுபாட்டைக் கொண்டு ஒரு பள்ளியை வாழ்த்தவோ தூற்றவோ எவருக்கு உரிமை உண்டு?

தமிழ்நாட்டினருக்கும் இது புதிதன்று. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்னும் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை நடத்தாமல் இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே மனப்பாடம் செய்வித்த தனியார் பள்ளிகளின் தந்திரத்தை முறியடிக்கவே 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. எண்ணைத் துரத்தும் பள்ளி கல்வியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தமிழ்நாடு கண்டு, அதற்கு ஒரு விலையும் கொடுத்தது. அங்கே கைவிடப்பட்ட மயக்கத்தைத் தில்லித் தமிழர் ஏன் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்?

மூன்றாம் காரணமே தலையாயது: மாணவர் யார்? ஏழு பள்ளிகளின் முகவரிகளைப் படித்தாலே அவை யாருக்காக எழுந்தன என்பது விளங்கும். லட்சுமிபாய் நகர், மோதி பாக், இராமகிருஷ்ணபுரம் ஆகியவை மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகள். தலைமைச் செயலகத்திலும் அமைச்சகங்களிலும் பணிபுரிந்த எழுத்தர்கள், கணக்கர்கள், சுருக்கெழுத்தர்களின் பிள்ளைகளே அக்காலத்தில் இப்பள்ளிகளை நிறைத்தனர். வீட்டில் எழுத்துப் பழக்கம் இருந்தது, நாளிதழ் இருந்தது, மாலையில் கணக்குச் சொல்லித்தரத் தந்தையோ அண்டை வீட்டாரோ இருந்தனர். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் உயர்ந்தனர். உயர்ந்தபின் தம் பிள்ளைகளைக் கட்டணம் மிகுந்த பள்ளிகளில் சேர்த்தனர். அவர்கள் விட்டுச்சென்ற இருக்கைகளில் வந்தமர்ந்தோரில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் உள்ளனர். ஓட்டுநர்களின், துப்புரவுப் பணியாளர்களின், தெருவோர இட்லிக் கடைக்காரர்களின் பிள்ளைகள் உள்ளனர். தமிழரல்லாத பிள்ளைகளும் உள்ளனர். 'அந்தக் காலத்தில் நம் பள்ளி எப்படி இருந்தது' என்று பெருமூச்சு விடும் முன்னாள் மாணவர், தாம் ஒப்பிடுவது இரண்டு பள்ளிகளை அன்று, இரண்டு வகுப்பினரை என்பதை உணர்வதில்லை. எழுத்தரின் மகனைப் பொறியாளராக்கிய பள்ளி பெரிதா, எழுதப் படிக்கத் தெரியாத தாயின் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பைக் கடக்கச் செய்யும் பள்ளி பெரிதா என்பது திறந்த வினா. தேர்ச்சி விழுக்காடு அதற்கு விடை சொல்லாது.

இவ்விடத்தில் மதராஸி கேம்பைப் பற்றிப் பேசாமல் இருக்கவியலாது. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், பல பத்தாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி அது. வடிகாலைத் தூய்மைப்படுத்தும் பொருட்டு, தில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2025 ஜூன் 1 அன்று இடிப்பு தொடங்கியது. ஏறத்தாழ 370 வீடுகள். மறுகுடியமர்வுக்குத் தகுதியுடையோர் என்று முதலில் கணக்கிடப்பட்டவர்கள் அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள் நரேலாவில், நகரின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. கேம்பின் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பள்ளிகளில் படித்துவந்தனர். நரேலாவில் தமிழ்ப் பள்ளி இல்லை. ஏழு பள்ளிகளும் நகரின் நடுவிலும் தெற்கிலும் மேற்கிலுமே உள்ளன. வீட்டை இழந்த பெற்றோர் செய்தியாளர்களிடம் வேலையைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் சொன்னார்கள்.

இப்போது அந்த அளவுகோலைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பு. 34 பேர் தேறுவர். தேர்ச்சி 85 விழுக்காடு. அவர்களில் பத்துப் பேர் ஒரு குடிசைப் பகுதியிலிருந்து வருவோர். அவர்களில் எழுவர் தேறக்கூடியவர். குடிசைகள் இடிக்கப்படுகின்றன. பத்துப் பேரும் பள்ளியைவிட்டு நீங்குகின்றனர். எஞ்சிய முப்பது பேரில் 27 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 90 விழுக்காடு. பள்ளி ஐந்து புள்ளி முன்னேறிவிட்டது! எந்த ஆசிரியரும் ஒரு பாடத்தைக்கூடக் கூடுதலாக நடத்தவில்லை. எந்தப் பிள்ளையும் ஒரு வரியைக்கூடக் கூடுதலாகக் கற்கவில்லை. பத்துப் பிள்ளைகள் பள்ளியை இழந்தனர். அவர்களுள் தேறியிருக்கக்கூடிய எழுவரும் அடங்குவர். இந்த இழப்பைத்தான் அளவுகோல் முன்னேற்றம் என்று பதிவுசெய்கிறது. எண்கள் இங்கே எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. ஆயின் கணக்கின் போக்கு கற்பனையன்று. ஏழைப் பிள்ளை நீங்கும் ஒவ்வொரு பள்ளியிலும் இது இவ்வாறே நடக்கும். ஏழைகள் வெளியேற்றப்படும்போது உயரும் ஒன்றைக் 'கல்வித் தரம்' என்று அழைப்பவர், அச்சொல்லின் பொருளைத் தம் மனசாட்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மொழி பற்றியும் ஒரு சொல். இப்பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரு தமிழும், பள்ளியில் வேறொரு தமிழும், தெருவில் இந்தியும், பாடநூலில் ஆங்கிலமும் கொண்டு வாழ்கின்றனர். 'தெருவில் சரளமாக இந்தி பேசுகிறான், வகுப்பில் இந்திக் கட்டுரை எழுத வரவில்லை. மந்தம்' என்னும் தீர்ப்பு எளிதாக வழங்கப்படுகிறது. உரையாடற் சரளம் வேறு, கல்விமொழித் தேர்ச்சி வேறு என்று ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே பிரித்துக் காட்டினார். புதிய மொழியொன்றில் பேச்சுச் சரளம் ஏறத்தாழ இரண்டாண்டுகளில் வந்துவிடும். அம்மொழியில் பாடம் கற்கும் திறன், சம வயதினரோடு ஒப்ப நிற்கும் அளவுக்கு வளர ஐந்து முதல் ஏழாண்டுகள் ஆகும் என்பது அவர் துறையின் பொதுக் கண்டறிவு. நியூயார்க்கின் கறுப்பினச் சிறார் 'மொழி வறுமை' உடையோர் என்ற கூற்றை வில்லியம் லபோவ் அதற்கும் முன்பே தகர்த்திருந்தார். அச்சிறாரின் பேச்சில் குறை இருக்கவில்லை. அதைக் கேட்ட தேர்வாளரின் செவியிலேயே குறை இருந்தது. சேலத்துப் பேச்சையோ விழுப்புரத்துப் பேச்சையோ வீட்டில் கேட்டு வளரும் தில்லிக் குழந்தைக்கு 'தமிழும் வராது, இந்தியும் வராது, ஆங்கிலமும் வராது' என்று முத்திரை குத்துவோர் இவ்விரண்டையும் படித்ததில்லை. மூன்று மொழிகளைச் சுமந்துவரும் பிள்ளையின் சுமையை இறக்க உதவுவது பள்ளியின் கடமை. அச்சுமையைக் குறைபாடாக எழுதிவைப்பது கடமையாகாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1956-இன் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.68 கோடி. தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு தொகைக்கு எஞ்சியிருக்கும் பொதுக் கல்வி வசதி இந்த ஏழு பள்ளிகளே. இவற்றின் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் 'தேவை இல்லை' என்று சொல்ல ஒரு கோப்பு எங்கேனும் திறக்கப்படும். தரம் கெட்டது என்று தமிழரே முழங்கிக்கொண்டிருந்தால் அக்கோப்பின் முதற்பக்கத்தை அவர்களே எழுதிக்கொடுத்தவர் ஆவர்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நேர்மையான மறுப்பு. ஏழ்மையைக் காட்டிப் பள்ளியின் குறைகளை மூடிமறைக்கலாமா? ஆசிரியர் வராவிட்டாலும், பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும், 'எங்கள் மாணவர் அப்படிப்பட்டவர்' என்று கைவிரித்துவிடலாமா? கூடவே கூடாது. ஏழைப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பது கருணையின் வேடமிட்ட அவமதிப்பு. தேர்ச்சி விழுக்காட்டைக் கைவிடச் சொல்வது பள்ளியை வினவாமல் விட்டுவிடுவதற்காக அன்று. அந்த விழுக்காடு பள்ளியை உண்மையில் வினவுவதே இல்லை என்பதற்காகத்தான். அது நல்ல பள்ளியை இகழவும் மோசமான பள்ளியை ஒளித்துவைக்கவும் ஒருங்கே பயன்படுகிறது. வடிகட்டும் நிர்வாகத்துக்கு அதைவிடச் சிறந்த திரை வேறில்லை.

அவ்வாறாயின் என்ன கேட்க வேண்டும்? ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தனர், நீங்கியோர் எங்கே சென்றனர் என்று கேட்க வேண்டும். ஓராண்டின் முடிவைக் கேட்காமல் ஐந்தாண்டு முடிவுகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்போதுதான் தற்செயலின் ஆட்டம் அடங்கும். மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் ஒரு பத்தியைப் படிக்க இயலாத பிள்ளை ஐந்தாம் வகுப்பின் முடிவில் எதைப் படிக்கிறது என்று, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே கேட்க வேண்டும். பெற்றோரின் தொழில், வீட்டுமொழி, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவு ஆகியவற்றைப் பெயரின்றித் தொகுத்து வெளியிடுமாறு கேட்க வேண்டும். அவற்றை அறியாமல் எவரும் எந்தப் பள்ளியையும் வேறெந்தப் பள்ளியோடும் ஒப்பிடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றில் ஒப்பந்த ஆசிரியர் எத்தனை பேர் என்று கல்வி இயக்ககத்தையும் நிர்வாகத்தையும் ஒருசேரக் கேட்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி இவற்றுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது. இந்த வினாக்கள் தேர்ச்சி விழுக்காட்டைவிட எளியவை அல்ல, கடினமானவை. எந்த நிர்வாகமும் இவற்றைப் பதாகையாகக் கட்டிவிட முடியாது.

கேட்கப்பட வேண்டியோர் நிர்வாகத்தினர் மட்டுமல்லர். பொங்கல் விழாவுக்கும் இசைவிழாவுக்கும் நன்கொடை திரட்டும் தில்லித் தமிழ் அமைப்புகள், நரேலாவிலிருந்து பள்ளி வரும் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்தை ஓட்டுவது குறித்து எத்தனை கூட்டம் நடத்தின? மதராஸி கேம்ப் மக்கள் ஊர் திரும்பினால் உதவுவதாகச் சொன்ன தமிழ்நாடு அரசு, தில்லியிலேயே பிழைப்பைக் கொண்டோரின் பிள்ளைகள் தில்லியிலேயே தமிழ் படிக்க என்ன வழி செய்யும்? வீட்டை இடித்து நகரின் எல்லைக்கு அனுப்பிய அரசு நிறுவனங்கள், அங்கே 350-ஏ பிரிவை எவ்வாறு நிறைவேற்றும்? இவை பள்ளியின் கல்வித் தரத்துக்குப் புறம்பான வினாக்கள் என்று எவரேனும் சொன்னால், வகுப்பறைக்கு வந்துசேராத பிள்ளைக்கு எந்தத் தரத்தில் பாடம் நடத்துவது என்பதை அவர் விளக்கட்டும்.

அடுத்த மே மாதத்திலும் பட்டியல் வரும். அதில் ஏழு பெயர்களும் ஏழு எண்களும் இருக்கும். அதைப் பகிர்வோர் பகிரும் முன் ஒரே ஓர் எண்ணையாவது தேடிப் பெற்று அருகில் எழுதட்டும்: இந்த வகுப்பு ஆறாம் வகுப்பாக இருந்தபோது அதில் எத்தனை பேர் இருந்தனர்? அந்த எண் கிடைக்கும்வரை வாழ்த்தும் வேண்டா, வசையும் வேண்டா.